அறுத்துப் போட்ட ஒன்பது அங்குலம்

1993 நவம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 2.40. காலையில் பிடித்த மழை பன்னிரண்டேகாலுக்கு விட்டிருந்தது. காற்றும் இல்லை, வெயிலும் இல்லை. அயனம்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில், காருக்கு அடியில் இரண்டு உரச் சாக்குகளை விரித்து மல்லாந்து படுத்திருந்தேன். அடியில் வேலை செய்யும்போது கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பின் பம்பரின் மேல் வைப்பது என் வழக்கம். ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் முதலில் கண்ணில் படுவது மணிதான். அதனால் அந்த நேரம் அப்படியே மனத்தில் நின்றுவிட்டது.

காலையில் மாங்காட்டிலிருந்து திரும்பும்போது வண்டியின் பின்பக்கம் ஏதோ கடகடத்தது. அப்படி ஒரு சத்தம் கேட்டுவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. சைலன்சரைத் தாங்கும் பட்டை தளர்ந்திருந்தது. நட்டை ஒன்றே முக்கால் சுற்று இறுக்கிவிட்டு வெளியே வந்தேன். எஞ்சினைக் கிளப்பி, சத்தம் நின்றுவிட்டதா என்று பார்க்கப் பின்பக்கம் குனிந்து உட்கார்ந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர் அப்போதுதான் சாப்பிட்டு முடித்து, வாசலுக்கு வந்து பல் குத்திக்கொண்டிருந்தார். பஸ் டிப்போவில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளைச் சட்டையில் குடும்பத்தோடு மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வந்தால், அதன்பிறகு மாலைவரை கைலிதான். என்னைவிட எட்டு வயது இளையவர். ஆனாலும் தெருவில் எல்லோரையும் போல என்னையும் ஒருமையில்தான் பேசுவார். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

"இன்னா அண்ணாத்தே, தெருவுக்குக் கொசு மருந்து அடிக்கிறியா?" என்றார்.

என் காரைக் கிளப்பும்போதெல்லாம் அவர் சொல்வதுதான் இது. அன்று அவர் கேட்டதோடு போகவில்லை. அருகில் வந்து குந்தி உட்கார்ந்து அடியில் எட்டிப் பார்த்தார். டிக்கிக்குக் கீழே கையை நீட்டி இப்படியும் அப்படியும் அசைத்தார். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"பைப்பு எங்க?"

இதோ இருக்கிறதே என்று காட்டினேன்.

"இத்த கேக்கல. பம்பருக்கு வெளிய வரணுமே, அந்தத் துண்டு எங்க?"

அறுத்துவிட்டேன் என்றேன். ஒன்பது அங்குலம்.

அவர் அடியில் மறுபடி ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு, "பொகை வெளிய போவல அண்ணாத்தே. டிக்கிக்குக் கீழயே சுத்திகினு கீது. உள்ள குந்திகினு போறவங்களுக்குத் தல சுத்தல? எங்க டிப்போல பைப்பு உடைஞ்ச வண்டின்னா, கடைசி சீட்டுல கீறவன் ஜன்னலாண்ட தலைய வுட்டுகினு வாந்தி எடுத்துகினே வருவான்" என்றார்.

வீட்டுக்குள் என் மகள் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். அன்று காலை மாங்காட்டுக்குப் போகும் வழியில் வாந்தி எடுத்திருந்தாள். அது தொடர்ந்து மூன்றாவது ஞாயிறு. அந்த வாந்திக்காக என் மனைவி கூடத்தில் சாமி படத்துக்கு விளக்கேற்றி வைத்திருந்தாள்.

இதைப் புரியும்படி சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எங்களுக்கு அவள் ஒரே பெண். கல்யாணமாகி அப்போது ஐந்து வருஷம் நான்கு மாதம். ஆவடியில் மாமியார், கணவனோடு இருந்தாள். மாப்பிள்ளை ஷிப்டு வேலை பார்ப்பவர், அதிர்ந்து பேசாதவர். குழந்தை இல்லை. மூன்று டாக்டர்களைப் பார்த்தாகிவிட்டது. மூன்று பேரும் இருவரிடமும் குறையில்லை என்றுதான் சொன்னார்கள். மாமியார் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆகஸ்டு மாதம் ஒரு கல்யாணத்தில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது என் மனைவியிடம், அவனும் எனக்கு ஒருத்தன்தான், நானும் எத்தனை நாள் பொறுக்க முடியும், வேறு யோசனை பண்ண வேண்டியதுதான் என்று சொல்லியிருக்கிறார். என் மனைவி அந்த இலையில் அதன்பிறகு கை வைக்கவில்லை.

அதிலிருந்து வந்ததுதான் மாங்காட்டு வேண்டுதல். ஆறு வாரம், விடாமல் ஒரே கிழமையில் போக வேண்டும். கையில் இரண்டு எலுமிச்சம்பழம் கொண்டுபோய் அம்மன் காலடியில் வைத்து, ஒன்றை வாங்கி வந்து வீட்டில் வைத்திருக்க வேண்டும். எனக்கு ஞாயிறுதான் விடுமுறை என்பதால் ஞாயிறு என்று வைத்துக்கொண்டோம். மகள் சனிக்கிழமை மாலை பஸ்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். ஞாயிறு காலை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல், ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவோம். வானகரம், வேலப்பன்சாவடி, பூந்தமல்லி, குமணன்சாவடி, மாங்காடு. மழைக்காலத்தில் அந்தச் சாலையில் ஐம்பது நிமிடம் ஆகும். என் மனைவிக்கு முட்டி மடங்காது என்பதால் முன் இருக்கையில் காலை நீட்டிக்கொண்டு உட்காருவாள். மகள் பின்னால், இடது ஓரத்தில், அர்ச்சனைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு.

கார் 1988இல் வாங்கியது. அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஏலம் விட்டார்கள். பழைய டீசல் வண்டி, வெள்ளை. எனக்கு அங்கே தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. வருகிற உருப்படிகளை அளந்து, சரி அல்லது தள்ளுபடி என்று சீட்டு ஒட்டுவது. இருபத்தேழு வருஷம் அளந்த கைக்குத் தன் வண்டியை வேறொருவன் தொடுவது பொறுக்காது. எண்ணெய் மாற்றுவது, பிரேக் கட்டை மாற்றுவது எல்லாம் நானேதான்.

அந்த வருஷம் செப்டம்பரில் புகைச் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. வண்டியை நிறுத்திக் கேட்கிறார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு பெட்ரோல் பங்கின் ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டு, ஒரு மிஷினை வைத்து அளந்துகொண்டிருந்தார்கள். முதல் தடவை என் வண்டி தேறவில்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றிக் கழுவினேன். எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் நான்கையும் கழற்றிக் கொண்டுபோய்ச் சரி செய்து வாங்கி மாட்டினேன். மறுவாரம் போனபோது, புகை உறிஞ்சும் குழாயை என் வண்டியின் வால் குழாயில் செருக முடியவில்லை. முனை துருப்பிடித்து, இற்று, பல் பல்லாக இருந்தது. இந்த முனையை நேராக்கிக்கொண்டு வாருங்கள் சார் என்று அந்தப் பையன் மரியாதையாகத்தான் சொன்னான்.

நேராக்குவதென்றால் அறுப்பதுதான். நல்ல இரும்பு தட்டுப்படும்வரை அறுத்தேன். அது ஒன்பது அங்குலம் போய்விட்டது. இரம்பத்தால் அறுத்து, அரத்தால் ராவி, உள் விளிம்பில் பிசிறு இல்லாமல் எமெரித் தாளால் தேய்த்தேன். வெர்னியர் காலிப்பரை வைத்து நான்கு பக்கமும் வட்டம் பார்த்தேன். நான்கு அளவும் ஒன்றாக வந்தன. அதைப் பார்த்து எனக்கு எவ்வளவு திருப்தி என்றால், என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். குழாய் இப்போது எங்கே முடிகிறது என்று நான் அளக்கவில்லை. பம்பருக்கு ஏழு அங்குலம் உள்ளே, டிக்கியின் தகட்டுக்கு நேர் கீழே முடிந்தது. அந்தத் தகட்டில், ஸ்டெப்னி வைக்கிற பள்ளத்தில், தண்ணீர் வடிய ஒரு ஓட்டை உண்டு. அதன் ரப்பர் அடைப்பான் எப்போதோ விழுந்துவிட்டிருந்தது. அதுவும் எனக்குத் தெரியும். மழைத் தண்ணீர் வடியட்டும் என்று விட்டிருந்தேன்.

மிஷின் குழாய் என் குழாயில் கச்சிதமாக உட்கார்ந்தது. வண்டி தேறியது. சான்றிதழை முன் கண்ணாடியில் உள்பக்கமாக, நான்கு மூலையிலும் ஒரே அளவு டேப் வைத்து ஒட்டினேன்.

முதல் ஞாயிறு அக்டோபர் 31. மழை இல்லை, கண்ணாடிகள் இறங்கியிருந்தன, ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது ஞாயிறு தூறல். கண்ணாடிகளை ஏற்றியிருந்தோம். பூந்தமல்லி தாண்டும்போது மகள், "அப்பா, உள்ள பொகை நாத்தம் வருது" என்றாள். நான் திரும்பாமலே, விரலால் கண்ணாடியில் ஒட்டியிருந்த சான்றிதழைத் தட்டிக் காட்டினேன். முன்னால் போகிற லாரியின் புகை என்றேன். அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். இதை எழுதும்போது இந்த ஒரு இடத்தில்தான் பேனா நிற்கிறது.

மூன்றாவது ஞாயிறு நல்ல மழை. குமணன்சாவடியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஒரு புளியமரத்தடியில் வாந்தி எடுத்தாள். தீபாவளி முடிந்த கையோடு இருந்ததால் பலகார எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள் என் மனைவி. வெறும் வயிற்றில் எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நான்காவது ஞாயிறும் மழை. அதே மரத்தடி, இரண்டு முறை. தலை சுற்றுகிறது என்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அன்று கோயில் வரிசையில் நிற்கும்போது என் மனைவி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு காதருகில் வந்து, நாள் தள்ளிப் போயிருக்கிறது, இன்றோடு ஒன்பது நாள் என்றாள். தகப்பன் இதையெல்லாம் எண்ணக் கூடாது. ஆனால் என்னிடம் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் அதன்பிறகு எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை இருபத்து மூன்று நாள் தள்ளிப் போய், ஒன்றுமில்லை என்று ஆனதும் எனக்கு நினைவிருந்தது. அதை நான் சொல்லவில்லை. திரும்பும்போது பூந்தமல்லியில் அரை கிலோ மைசூர்பாகு வாங்கினேன்.

டாக்டரிடம் போகலாமே என்றதற்கு, இப்போதே போய்க் கேட்டால் கண் பட்டுவிடும், ஆறாவது வாரம் முடியட்டும் என்று சொல்லிவிட்டாள் என் மனைவி. ஆனால் செய்தி ஆவடிக்குப் போய்விட்டது. ஐந்தாவது வாரத்துக்கு மகள் வந்தபோது முகமே வேறாக இருந்தது. அடிபம்பில் தண்ணீர் அடிக்க மாமியார் விடுவதில்லையாம். "அத்தை எனக்குத் தட்டுல போட்டு எடுத்துட்டு வந்து கொடுத்தாங்கம்மா" என்று சொன்னாள். ஐந்து வருஷத்தில் அது முதல் தடவை.

மறுநாள் காலை ஐந்தாவது வாரம். மழை, ஏற்றிய கண்ணாடி, புளியமரம், வாந்தி. மத்தியானம் இரண்டு நாற்பதுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அவர் வீட்டுக்குள் போனதும், கோயிலிலிருந்து கொண்டுவந்த பொட்டலத்தில் மிச்சமிருந்த ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, ஓடிக்கொண்டிருந்த வண்டியின் டிக்கிக்கு அடியில் அந்த ஓட்டைக்கு நேராகப் பிடித்தேன். ஊதுபத்திப் புகை வளையாமல் மேலே ஓட்டைக்குள் போயிற்று. டிக்கிக்கும் பின் இருக்கைக்கும் நடுவே இருப்பது ஒரு அட்டைதான்.

ஒரு சாட்சி போதாது என்பது என் தொழில் புத்தி. ஆக்ஸிலேட்டர் மேல் ஒரு செங்கல்லை வைத்தேன். நான்கு கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு, பின் இருக்கையில், இடது ஓரத்தில், அவள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டேன். ஆறாவது நிமிடம் கண் எரிந்தது. பதினான்காவது நிமிடம் நெற்றியில் இரண்டு பக்கமும் யாரோ விரலை வைத்து அழுத்துவது போல. இருபத்தொன்றில் வாயில் எச்சில் ஊற ஆரம்பித்தது. இருபத்தாறில் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, செம்பருத்திச் செடியின் அடியில் வாந்தி எடுத்தேன்.

சத்தம் கேட்டு முதலில் வந்தது பக்கத்து வீட்டுக்காரர். ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் தலையில் ஊற்றினார். செங்கல்லைப் பார்த்தார். "இன்னா நைனா, சாவணும்னு முடிவு பண்ணிக்கினியா?" என்று கேட்டுவிட்டு, தானே எஞ்சினை நிறுத்தினார். அதற்குள் என் மனைவியும் வந்துவிட்டாள். அவள் என்னைப் பார்த்தாள், செம்பருத்தியைப் பார்த்தாள்.

"பொண்ணுக்கு வந்தா அப்பாவுக்குமா?" என்று சொல்லிச் சிரித்தாள். ஆகஸ்டுக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்க்கவில்லை.

அந்தச் சிரிப்புக்கு முன்னால் என்னால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. வெயில் இல்லாத வெக்கை, பித்தம் என்றேன்.

அன்றிரவு வெகுநேரம் எனக்குள் நானே வாதாடிக்கொண்டிருந்தேன். வாந்திக்குப் புகைதான் காரணம் என்பது நிரூபணமாகிவிட்டது. ஆனால் நாள் தள்ளிப் போனதற்குப் புகை காரணமில்லையே. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாமே. பரிசோதனைப் பிரிவில் ஒரு உருப்படியில் சந்தேகம் வந்தால் உடனே தள்ளுபடிச் சீட்டு ஒட்டுவதில்லை. குறையை நீக்கிவிட்டு மறுபடி ஒருமுறை அளக்க வேண்டும். குழாயைச் சரி செய்வோம். ஆறாவது ஞாயிறும் அவளுக்கு வாந்தி வந்தால் அது குழந்தை, வராவிட்டால் புகை. அதுவரை யாரிடமும் சொல்ல வேண்டாம். இந்த யோசனை வந்ததும் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அந்த வாரம் தினமும் காலை ஐந்தரையிலிருந்து ஏழுவரை காருக்கடியில்தான் இருந்தேன். வால் குழாயின் மேல் ஏறும் அளவில் பதினான்கு அங்குலக் குழாய் ஒன்று அம்பத்தூரில் கிடைத்தது. பழைய முனையின் மேல் புதுக்குழாயை இரண்டு அங்குலம் ஏற்றி, இடுக்கில் ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றி, சைலன்சர் பசை பூசி, இரண்டு கிளாம்பு போட்டேன். பசை காயப் புதன், வியாழன் இரண்டு நாள் விட்டேன். மழை ஈரத்தில் காயவில்லை, வெள்ளியும் விட்டேன். டிக்கி ஓட்டைக்கு ரப்பர் அடைப்பான். இற்றுப்போயிருந்த தாங்கு பட்டைக்குப் பதில் புதுப்பட்டை. குழாய் இப்போது பம்பருக்கு வெளியே ஐந்து அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை அதை அளந்தேன். சனிக்கிழமை காலை மறுபடி பின் இருக்கையில் அரை மணி நேரம் உட்கார்ந்தேன். ஒன்றும் செய்யவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சுவர் மேலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். வீட்டில் சொல்லிட்டியா அண்ணாத்தே என்று கேட்டார். அவருக்கு எல்லாம் தெரியும். அவர் வீட்டுக்கும் மைசூர்பாகு போயிருந்தது. சொல்ல வேண்டும் என்றேன்.

மாலையில் மகள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். பஸ் குலுக்கும் என்று மாமியார் காசு கொடுத்து ஆட்டோவில் அனுப்பியிருந்தார். தலை நிறைய மல்லிகை.

டிசம்பர் 5, ஆறாவது ஞாயிறு. ஆறு பத்துக்குக் கிளம்பினோம். மழை. நான்கு கண்ணாடிகளும் ஏறியிருந்தன. மகள் அதே இடத்தில், மடியில் கூடை, கையில் ஒரு பிளாஸ்டிக் பை தயாராக. நான் மேலே உள்ள கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். வானகரத்தில் அவள் கண்ணை மூடியிருந்தாள். வேலப்பன்சாவடியில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பூந்தமல்லியில் வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். உடம்புக்குள் ஏதோ சத்தம் கேட்கக் காத்திருப்பவள் மாதிரி இருந்தாள். குமணன்சாவடியில் அந்த மரம் வந்ததும், "நிறுத்துங்கப்பா" என்றாள்.

நிறுத்தினேன். குடையை எடுத்துக்கொண்டு இறங்கி மரத்தடியில் போய்க் குனிந்து நின்றாள். வைப்பர் முப்பத்தெட்டு முறை போய்வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து கதவை மூடினாள்.

"வரலை" என்றாள்.

நல்லதுதானே, போகப் போக நின்றுவிடும் என்றாள் என் மனைவி.

தரிசனம் முடிந்தது. ஆறாவது எலுமிச்சம்பழம் மகள் கையில் இருந்தது. என் மனைவி நேர்த்தி முடிந்ததற்காக வளையல் வாங்கக் கடைப் பக்கம் போனாள். மழை நின்றிருந்தது. நானும் மகளும் காரருகில் நின்றோம். அவள் என்னையே பார்த்தாள்.

"அப்பா, இன்னைக்கு எனக்கு ஒண்ணுமே பண்ணலை. ஏன்பா?"

அதற்குமேல் என்னால் தள்ளிப்போட முடியவில்லை. காரின் பின்பக்கம் அழைத்துப்போய்க் குழாயைக் காட்டினேன். அறுத்ததையும், புகை உள்ளே வந்ததையும், நான் உட்கார்ந்து பார்த்ததையும், சரி செய்ததையும் சொன்னேன். வரிசை மாறாமல் சொன்னேன். அவள் குழாயையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"போன ஞாயிற்றுக்கிழமை. ரெண்டு நாற்பதுக்கு."

"ஏழு நாள்."

"ஆமாம்மா."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"நேத்து அத்தை என் துணியைத் துவைச்சு மடிச்சு வெச்சாங்கப்பா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "குழாய்க்கு ஏழு நாள் கொடுத்தீங்க. என்கிட்ட சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா?" என்றாள்.

பம்பரில் பட்டிருந்த சேற்றைக் கையால் துடைத்தேன்.

திரும்பும்போது அவளே அம்மாவிடம் சொன்னாள். என்னைக் குற்றம் சொல்லாமல், வண்டியில் புகை வந்திருக்கிறது, அதனால்தானாம் என்று மட்டும் சொன்னாள். என் மனைவி என் பக்கம் திரும்பவில்லை. வளையல் பொட்டலத்தைக் கைப்பைக்குள் தள்ளினாள். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் மகள் இறங்கிக்கொள்கிறேன் என்றாள். ஆவடிக்கு நாங்கள் கொண்டுவந்து விடுகிறோம், நாங்களும் பேசுகிறோம் என்றோம். வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன் என்றாள். எலுமிச்சம்பழத்தைக் கூடையிலிருந்து எடுத்துக்கொண்டாள். பஸ் கிளம்பும்வரை நின்றோம். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, தூறலிலும் ஷட்டரைத் தூக்கிவிட்டுக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை என் மனைவி ஆவடிக்குப் போய் அவளை அழைத்துக்கொண்டு லேபில் பரிசோதனை செய்தாள். இல்லை என்று வந்தது. அந்த வெள்ளிக்கிழமை, தள்ளிப் போயிருந்த நாளும் வந்து அது தெளிவாகிவிட்டது. மாமியார் ஒரு வார்த்தை பேசவில்லையாம். தட்டில் போட்டுக் கொடுப்பது மட்டும் நின்றது.

மாப்பிள்ளை அவளை விடவில்லை. அது அவர் குணம். அதில் எனக்குப் பங்கில்லை. குழந்தை பிறக்கவில்லை. மாமியாரைக் கடைசி நான்கு வருஷம் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டது என் மகள்தான். எனக்கு இப்போது எண்பத்தொன்று நடக்கிறது. அவள் வியாழக்கிழமைதோறும் வந்து என் மாத்திரைகளை நாள்வாரியாகப் பிரித்து வைத்துவிட்டுப் போகிறாள். அந்த ஏழு நாளைப் பற்றி அதன்பிறகு அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. எந்தக் காரில் ஏறினாலும், மழையாக இருந்தாலும், முதலில் கண்ணாடியை நான்கு விரல் இறக்கிவிடுவாள். கூட வருபவர்கள் நனைகிறோம் என்பார்கள். நான் மட்டும் என் பக்கத்துக் கண்ணாடியையும் இறக்கிவிடுவேன்.

காரை 1999இல் விற்றேன். அறுத்துப் போட்ட ஒன்பது அங்குலத் துண்டு இன்னும் என் சாமான் பெட்டியில் இருக்கிறது. ஒரு முனை பல் பல்லாக இற்றுப்போயிருக்கிறது. மற்ற முனையில் இரம்பத் தடம் நேராக இருக்கிறது.

செலவை அந்த டிசம்பரிலேயே ஒரு தாளில் எழுதி, அந்தக் குழாய்த் துண்டுக்குள் சுருட்டி வைத்திருந்தேன். போன மாதம் எடுத்துப் பார்த்தேன். குழாய் எண்பத்தைந்து, கிளாம்பு இரண்டும் இருபத்து நான்கு, கயிறு பன்னிரண்டு, பசை பதினெட்டு, பட்டை பதினொன்று, அடைப்பான் மூன்று ஐம்பது, ஊதுபத்தி இரண்டு. அதன் கீழேயே மைசூர்பாகு முப்பதும், லேப் பரிசோதனை நாற்பதும் எழுதியிருக்கிறேன். அவற்றை வேறு எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை. பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்கு அவள் எடுத்த டிக்கெட்டுக்கு அவளே காசு கொடுத்தாள், அதைச் சேர்க்கவில்லை. ஆக மொத்தம் இருநூற்று இருபத்தைந்து ரூபாய் ஐம்பது காசு.